கண்மட்டம்: துறைமுகக் கரையில் ஒரு சித்திரப் பாடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டுச் சொற்பொழிவில் ஈழத்து ஓவியத்தின் பெருமையைப் பேசலாமே என்று சில நண்பர்கள் சொன்னார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவன். ஆகவே பெரிய ஓவியர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகள் குடத்தின் வாயை எப்படி வரைகிறார்கள், அடிவானக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதைப் பேச வந்திருக்கிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் “எனக்குச் சித்திரம் வராது” என்று சொல்லித் திரிவது இந்தச் சின்ன விஷயங்களில்தான் தீர்மானமாகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சித்திரத்தின் அடிப்படைகள் சரியா பிழையா என்று மாணவரே சோதித்துப் பார்க்கக்கூடியவை. சோதிக்கக்கூடிய எதையும் படிப்பிக்கலாம், படிக்கலாம். பிறவிக் கொடை, கைராசி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கதை. அந்தச் சோதனைக்கு வேண்டிய உபகரணங்கள் எல்லாம் திருகோணமலைக்காரருக்கு வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன.

பாடமும் பரீட்சையும்

நமது பாடத்திட்டத்தில் சித்திரம் அழகியல் பாடங்களில் ஒன்று. ஆறாம் தரத்தில் சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், சித்திரம் என்பவற்றில் ஒன்றைப் பிள்ளை எடுக்க வேண்டும். பாட்டு வராத, ஆட வெட்கப்படுகிற பிள்ளைகள் பலர் சித்திரத்துக்கு வந்து சேர்வார்கள். இது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். சாதாரண தரப் பரீட்சையில் எழுத்து வினாத்தாளோடு, முன்னால் வைத்த பொருட்கூட்டத்தைப் பார்த்து வரைகிற பகுதியும், தலைப்பைத் தந்து படம் அமைக்கச் சொல்கிற பகுதியும் உண்டு. திட்டத்தில் குறையில்லை. பார்த்து வரைதலும் இருக்கிறது, கற்பனைக்கும் இடம் இருக்கிறது.

நடைமுறை வேறு. கடைகளில் வழிகாட்டிப் புத்தகங்கள் விற்கின்றன. தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், சந்தை, பஸ் தரிப்பிடம், கரைவலை இழுத்தல் என்று தலைப்புக்கு ஒரு படம். பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து மனப்பாடமாக்கிக்கொண்டு போகிறது. இப்போது அந்த வேலையைக் கைபேசி இன்னும் இலகுவாக்கிவிட்டது.

கரைவலைப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு ஆட்கள் ஒரே உயரத்தில், ஒரே மாதிரிக் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து நிற்பார்கள். வள்ளம் பாதி நிலவு மாதிரி இருக்கும். அடிவானம் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. ஓரத்தில் ஒரு தென்னை கட்டாயம் வளைந்திருக்கும். இதை வரைகிற பிள்ளையின் வீடு கரைவலை இழுக்கிற கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். அந்தக் கரையில் நின்று பார்த்தால், இழுக்கிறவர்கள் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிக்காலை மணலில் புதைத்து, கயிற்றோடு மெல்ல மெல்லக் கரையேறுகிறார்கள். மேலே வந்து சேர்ந்த ஆள் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர்க்கரைக்கு இறங்கி மறுபடி முன்னால் பிடிக்கிறார். தூரத்தில் இன்னொரு குழு மற்றக் கயிற்றை இழுக்கிறது. வலையின் மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு குழுவும் கிட்டக் கிட்ட வருகின்றன. எந்த இரண்டு உடம்பும் ஒரே கோணத்தில் இல்லை. சில கரைகளில் மனிதருக்குப் பதிலாக உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுத்ததும் உண்டு. அது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை, ஆகவே எந்தப் பிள்ளையின் கொப்பியிலும் இல்லை.

பிள்ளையைக் குறை சொல்வதில் பயனில்லை. பார்த்து வரைந்தால் புள்ளி குறையும் என்ற பயத்தை ஏற்படுத்தியது பெரியவர்களாகிய நாங்கள்.

எங்கிருந்து வந்த பழக்கம்

அச்சுப் படத்தைப் பார்த்து வரைவது பழைய நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் தென் கென்சிங்டனில் உருவான சித்திரக் கல்வி முறை பிரித்தானியப் பேரரசு எங்கும் பரவியது. தட்டையான மாதிரிப் படங்களை வரிக்கு வரி பிரதிபண்ணுவது அதன் முதற்படி. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளியும் அந்தக் காலத்தின் பிள்ளைதான். நல்ல கைவினைஞரை, நல்ல வரைவாளரை ஆக்குவது நோக்கம். பிள்ளை எதைப் பார்க்கிறது என்பதில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

இலங்கையில் இதை மாற்ற முயன்றவர்களில் சி. எவ். வின்சர் ஒருவர். கல்வித் திணைக்களத்தில் சித்திரப் பரிசோதகராக இருந்தவர். அவருக்குப் பின் அந்தப் பணியில் இருந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’ ஓவியர்களில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை முன்னின்று 1938இல் தொடங்கிய கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது. பின்னர் சித்திர ஆசிரியரான மாற்கு மாஸ்ரர் விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பித்தார். 1933இல் பிறந்து 2000இல் மறைந்த அவரிடம் கற்றவர்கள் இன்று நம்மிடையே ஓவியர்களாகவும் விமர்சகர்களாகவும் இருக்கிறார்கள். இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வடக்கில் நவீன ஓவியத்தைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். கலைக்கூடமோ கனவானின் ஆதரவோ இல்லாமல், சனிக்கிழமை வகுப்பிலும் விடுமுறை வகுப்பிலும் அது வளர்ந்தது.

பிரதிபண்ணுவது நமது மரபில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலில் கண்டிச் சித்திரக்காரர் மாணாக்கருக்குப் படிப்பித்த முறையை எழுதியிருக்கிறார். முதற்பாடம் ஒரு இரட்டை வளைவு. அது கைக்கு வரும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். பிறகுதான் கொடி, பிறகு பூ, பிறகு உருவம். நம் வீட்டு முற்றத்துக் கோலமும் அப்படித்தான்: புள்ளி, இழை, பிறகு விரிவு. மரபில் திரும்பச் செய்தவர்கள் ஒரு இலக்கணத்தைப் படித்தார்கள். எழுத்தைப் பழகிய பிறகு தங்கள் சொந்த வாக்கியத்தை எழுதினார்கள். நாங்கள் எழுத்தைப் படிப்பிக்காமல் பிள்ளையிடம் முழுக் கட்டுரையையும் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கிறோம்.

துறைமுகத்தை வரைந்தவர்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கும் சித்திரத்துக்கும் உள்ள உறவு பழையது. கடல் வரைபடங்களைக் கையால் வரைந்த காலத்தில் சித்திரம் மாலுமியின் தொழிற்கருவி. லண்டன் கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிற்றல் பள்ளியின் கணிதப் பிரிவில் கடலுக்குப் போகவிருந்த பையன்களுக்குச் சித்திரம் ஒரு பாடமாக இருந்தது. கப்பலில் இருந்து பார்க்கும்போது கரை எப்படித் தெரிகிறது, எந்தக் குன்று எந்தக் குன்றை மறைக்கிறது என்று வரைந்து வைத்தால்தான் அடுத்து வருகிறவன் துறைமுக வாயிலை அடையாளம் காண்பான். அங்கே அழகுக்காக ஒரு மலையைக் கூட்டிப் போட்டால் கப்பல் பாறையில் ஏறும்.

சாமுவேல் டானியல் என்ற ஆங்கில ஓவியர் இலங்கைக் காட்சிகளைக் கொண்ட தொகுப்பொன்றை 1808இல் வெளியிட்டார். அதில் ஒரு படம் ஒஸ்டென்பேர்க் கோட்டையிலிருந்து பார்த்த திருகோணமலைத் துறைமுகம். அவர் 1811இல் இலங்கையிலேயே இறந்துபோனார். அந்தப் படத்தைப் பார்க்கிற நம் பிள்ளை ஒரு கேள்வி கேட்கலாம்: “சேர், இவர் நின்ற இடத்தில் நாங்கள் நிற்கலாமா?” விடை இலகுவானதல்ல. அந்தக் கோட்டைப் பக்கம் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. நகரின் மற்றக் கோட்டையான பிரட்றிக் கோட்டையில் இராணுவம் இருக்கிறது. போர்க்காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை துறைமுகத்தைப் பார்த்து உட்கார்ந்து கோடு போடுவதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்தப் போர்க்காலம் முழுவதும் நம் சித்திர வகுப்புகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடந்தன. வழிகாட்டிப் புத்தகம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கு உட்துறைமுக வீதியோரம், டச்சுக்குடாக் கரை, உப்புவெளி, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி எல்லாம் திறந்திருக்கின்றன. ஜன்னலைத் திறக்கிற வேலை நம்முடையது.

முதற் பாடம்: கண்மட்டம்

வெளியே போனால் என்ன படிப்பிக்கலாம்? முதலில் கண்மட்டம். தூரநோக்குப் பாடத்தைப் புகையிரதப் பாதைப் படத்தோடு தொடங்கி, மறையும் புள்ளி என்று சொல்லி, பிள்ளையைக் குழப்புவோம். கடற்கரையில் அதற்குத் தேவையில்லை. அடிவானம் எப்போதும் பார்க்கிறவரின் கண் உயரத்தில் இருக்கும்.

டச்சுக்குடா மணலில் பிள்ளைகளை வெவ்வேறு தூரத்தில் நிற்கவிட்டு, அதே உயரமான ஒரு பிள்ளையிடம் பார்க்கச் சொல்லுங்கள். கிட்ட நிற்பவனின் கண்ணை அடிவானக் கோடு வெட்டும். ஐம்பது அடி தள்ளி நிற்பவனையும் கண்ணிலேயே வெட்டும். நூறு அடி தள்ளி நிற்பவள் உருவத்தில் சின்னவள். அவளையும் கண்ணிலேயே வெட்டும். சமதரையில் எத்தனை பேரை எவ்வளவு தூரத்தில் வரைந்தாலும் இந்த ஒரு கோடு அவர்களை ஒழுங்கில் நிறுத்திவிடும். பார்க்கிற பிள்ளையை மணலில் குந்தச் சொன்னால் கோடு மற்றவர்களின் இடுப்புக்கு இறங்கிவிடும். கரைவலைப் படத்தில் ஆட்கள் அந்தரத்தில் மிதப்பது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

பிறகு கோணேசர் மலைக்கு ஏறுங்கள். மேலே நின்றால் கடல் கீழே போய்விடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அடிவானமும் கூடவே ஏறி வந்து கண்ணுக்கு நேரே நிற்கும். கீழே மணலில் நிற்கும் பிள்ளைக்கு அது நாலரைக் கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கிறது. நூறு மீற்றர் உயரத்தில் நிற்கிறவருக்கு ஏறத்தாழ 36 கிலோமீற்றர். மணலிலிருந்து பார்க்கும்போது அடிவானத்துக்கு மேலே எழும்பி நிற்கும் மீன்பிடிப் படகு, மலையிலிருந்து பார்த்தால் கோட்டுக்கு எவ்வளவோ கீழே, தண்ணீருக்கு நடுவில் கிடக்கும். ஒரே படகு, ஒரே கடல். வரைகிற இடம் மாறினால் தாளில் அதன் இடம் மாறுகிறது. இதைக் கண்ட பிள்ளைக்கு நீங்கள் தூரநோக்கு பற்றிக் குறிப்புக் கொடுக்கத் தேவையில்லை.

குடமும் எண்ணெய்த் தாங்கியும்

பொருட்கூட்டத்தில் பிள்ளைகள் அதிகம் புள்ளி இழப்பது குடத்தில். வாயை மீன் உருவத்தில் இரண்டு பக்கமும் கூராக முடிப்பார்கள். அடியை நேர்கோடாகப் போடுவார்கள். காரணம் தெளிவு: குடம் தரையில் சமமாக இருக்கிறது என்று அறிவு சொல்கிறது, சமமென்றால் நேர்கோடு என்று கை போட்டுவிடுகிறது. உண்மையில் மேசைமேல் உள்ள குடத்தின் அடி, கண்மட்டத்திலிருந்து வாயைவிடக் கூடுதலாகக் கீழே இருக்கிறது. ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிட உருண்டையாகத் தெரிய வேண்டும்.

இதைப் பெரிதாகக் காட்டச் சீனன்குடா இருக்கிறது. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். நமது பாடத்துக்கு வேண்டியது தாங்கியின் வடிவம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற ஒரு தாங்கியைப் பாருங்கள். அதன் மேல்விளிம்பு நம் தலைக்கு மேலே. வளைவு மேல்நோக்கிக் குவிகிறது. அடிவிளிம்பு கண்மட்டத்துக்குக் கொஞ்சம்தான் கீழே, அனேகமாக நேர்கோடு. குடத்தில் கண்டதற்கு நேர்மாறு, விதி ஒன்றே: கண்மட்டத்தை விட்டு விலக விலக வட்டம் திறந்துகொள்ளும். வகுப்பில் ஒரு போத்தல் மூடியைக் கையில் பிடித்துக் கண்ணுக்கு நேரே வைத்து, பிறகு மெல்ல இறக்கிப் பார்த்தால் இதே பாடம் முடிந்தது.

அளவு, இடைவெளி, ஒளிநிழல்

பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளக்கிற ஓவியரைப் படங்களில் கேலியாகக் காட்டுவார்கள். அதைப்போல நேர்மையான கருவி இல்லை. கை நேராக இருக்க வேண்டும். முழங்கை மடிந்தால் அளவு கெட்டது. வள்ளத்தின் நீளத்தில் அதன் அணியத்தின் உயரம் எத்தனையில் ஒன்று என்று பெருவிரலை நகர்த்திப் பார்த்தால் போதும். பெரும்பாலான பிள்ளைகள் நேர் முன்னாலிருந்து பார்க்கிற வள்ளத்தையும் பக்கவாட்டில் பார்க்கிற நீளத்துக்கே வரைவார்கள். அளந்தால், அணியம் நம்மை நோக்கியிருக்கும் வள்ளம் அகலத்தைவிட நீளமாகவே இல்லை என்று தெரிந்து வியப்பார்கள். அந்த வியப்புத்தான் பாடம்.

லியோன் பற்றிஸ்தா ஆல்பேர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில், நூல் கட்டிய திரையொன்றின் வழியே பொருளைப் பார்த்து வரையச் சொல்கிறார். அதை நாங்கள் வலை நூலில் செய்யலாம். பழைய படச்சட்டமொன்றில் நைலோன் நூலைக் கட்டம் கட்டமாக இழுத்துக் கட்டினால் ஒரு மாலைக்குள் வகுப்புக்கு வேண்டியது தயார். அச்சுப் படத்தின்மேல் கட்டம் போட்டுப் பெருப்பிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: இங்கே தலையை அசைத்தால் எல்லாம் மாறும், ஆகவே பிள்ளை ஒரு இடத்தில் நிலையாக நின்று பார்க்கப் பழகுகிறது.

கட்டிக் கிடக்கிற இரண்டு வள்ளங்களை வரைய முடியாமல் தவிக்கிற பிள்ளையிடம், வள்ளத்தை விடு, இரண்டுக்கும் நடுவில் தெரிகிற தண்ணீரை வரை என்று சொல்லுங்கள். அந்த இடைவெளிக்குப் பெயர் இல்லை, மனப்பாடமான உருவமும் இல்லை. ஆகவே கண் அதைப் பார்க்கிறது. இடைவெளி சரியானால் இரண்டு வள்ளமும் சரி.

உட்துறைமுகத்தின் அமைதியான தண்ணீர் ஒளிநிழலுக்குப் பள்ளிக்கூடம். தண்ணீரில் தெரிவதை மேலுள்ள படத்தின் தலைகீழ்ப் பிரதி என்று வரைந்துவிடுவோம். உற்றுப் பாருங்கள்: இறங்குதுறைப் பலகைகளின் அடிப்பக்கத்தை நாம் நேரே காண்பதில்லை, தண்ணீரில் காண்கிறோம். கரிய பொருள் தண்ணீரில் கொஞ்சம் வெளிறியும், வெளிறிய பொருள் கொஞ்சம் இருண்டும் தெரியும். நம்மை நோக்கிச் சாய்ந்த கம்பத்தின் பிரதிபலிப்பு கம்பத்தைவிட நீண்டு விழும். கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரை கச்சான் காற்றுப் புழுதியில் மங்கிப்போகும். வாடை மழை விட்ட காலையில் கிட்ட வந்து நிற்கும். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று தரத்தில் மட்டும் கரித்துண்டால் வரையச் சொன்னால், எது தூரம் எது கிட்ட என்பதை நிறமே இல்லாமல் பிள்ளை சொல்லிவிடும்.

இரண்டு மறுப்புகள்

இவ்வளவு சட்டம் பேசினால் பிள்ளையின் கற்பனை செத்துவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன வகுப்பில் நானும் சட்டம் பேச மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை வீட்டைவிடப் பெரிதாக அம்மாவை வரைந்தால் அது பிழையல்ல. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை தானே தன் படத்தில் அதிருப்திப்படத் தொடங்குகிறது. “ஏன் சேர் இது உண்மை மாதிரி இல்லை?” என்று கேட்கிறது. அந்த நேரத்தில் கருவியைக் கையில் கொடுக்காமல், உன் மனம்போல வரை என்று சொல்வது கைவிடுவதற்குச் சமம். அப்படிக் கைவிடப்பட்டவர்கள்தான் அழிறப்பரை எடுத்துத் தாளைத் தேய்த்து ஓட்டையாக்கி, அதோடு சித்திரத்தை விடுகிறார்கள்.

இன்னொன்று, நமது மாவட்டத்துக்கே உரிய கேள்வி. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அருகருகே வாழ்கிற இடம் இது. உயிருருவம் வரைவதில் சில முஸ்லிம் குடும்பங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. அது மதிக்கப்பட வேண்டிய தயக்கம். நான் சொன்ன பாடங்களில் பெரும்பாலானவை, கண்மட்டம், வட்டம், அளவு, இடைவெளி, ஒளிநிழல் எல்லாம், வள்ளத்தையும் பாலத்தையும் குடத்தையும் வைத்தே கற்கக்கூடியவை. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் தூண்கள் வரிசையாகச் சிறுத்துப் போவதைவிட நல்ல தூரநோக்குப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செய்யக்கூடியவை

முடிவாகச் சில வேண்டுகோள்கள். ஒன்று, தவணைக்கு ஒரு தடவையாவது சித்திர வகுப்பை இரட்டைப் பாடவேளையாக்கி வெளியே கொண்டு போங்கள். அதிபர் அனுமதியும், தேவையான இடத்தில் முன்கூட்டிய அறிவித்தலும் இருந்தால் இது நடக்கும். இரண்டு, புள்ளி போடும்போது முடிந்த படத்தோடு, அதற்கு முன் போட்ட பருமட்டான கோடுகளையும் அளவுக் குறிகளையும் பாருங்கள். அழித்துத் துப்புரவாக்கிய கொப்பியில் பிள்ளை எப்படி யோசித்தது என்பதே தெரியாது. மூன்று, பெற்றோரே, மருத்துவமும் பொறியியலும் படிக்கப்போகிற பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். இதயத்தின் அறைகளையும் இலையின் குறுக்குவெட்டையும் பார்த்தபடி வரைய வேண்டியவர்கள் அவர்கள்தான். வள்ளம் கட்டுகிற தச்சனுக்கும் இதே கண் வேண்டும்.

கடைசியாக அறக்கட்டளையாருக்கு. ஆண்டுதோறும் நிறந்தீட்டல் போட்டிக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். அடுத்த ஆண்டு அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கரித்துண்டு, 2பி, 4பி பென்சில், மலிவான தாள், நூல் கட்டிய சட்டம் என்று பள்ளிக்கூடங்களுக்குக் கொடுங்கள். முதற்பரிசு ஒரு பிள்ளைக்குத்தான் போகும். சட்டமும் கரியும் போகிற வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிற ஒவ்வொரு பிள்ளையும் இந்த அறக்கட்டளையின் பயனாளிதான்.